நெவென்காவின் கடைசித் தாவல்

ஒரே நொடிக்குள் எடுத்த மூன்று படங்கள். முதல் படத்தில் என் மனைவி நெவென்காவின் சட்டை வெள்ளையாக இருந்தது. இரண்டாவதில் அதே சட்டை தேநீரில் நனைத்ததுபோல் பழுப்பாகிவிட்டது. மூன்றாவதில் அவள் இடுப்புக்குக் கீழே ஆடுகளமே இருண்டு கிடந்தது. நடுவில் நான் கேமராவில் எதையும் மாற்றவில்லை. அரங்கில் ஒரு விளக்கும் அணையவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஹேண்ட்பால் அணியின் செயலாளர் யாஸ்னா அந்த மூன்றையும் கேமராவின் பின்திரையில் பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள். அந்த உறவுக்குக் கூமா என்று பெயர். கூமா சொல்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

“டாமிர், உன் கல்யாணத்துல கையெழுத்துப் போட்டது ஒரு தப்பு. இதைச் சுவர்ல மாட்டி ரெண்டாவது தப்பையும் பண்ண மாட்டேன்” என்றாள்.

அவள் சொன்ன சுவர் அரங்கின் நுழைவாயிலில் இருக்கிறது. அணியை விட்டு விலகும் ஆட்டக்காரியின் சட்டையையும், அவளுடைய கடைசி ஆட்டத்தில் எடுத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய படத்தையும் அங்கே மாட்டுவோம். வேறு ஆட்டத்தில் எடுத்த படம் செல்லாது. இதுவரை ஆறு பேர் தொங்குகிறார்கள். பதினெட்டு வருடம் இடது ஓரத்தில் ஆடிய நெவென்காதான் ஏழாவது. சனிக்கிழமை அவளுக்குக் கடைசி ஆட்டம். அந்தப் படம் என் கையால் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைப் பயிற்சிக்குள் உருப்படியாக ஒன்று காட்டாவிட்டால் தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து ஆளை வரவழைத்துவிடுவதாக யாஸ்னா சொல்லிவிட்டாள். அவரிடம் செங்கல் கனத்தில் ஒரு கேமரா இருக்கிறதாம். அன்று செவ்வாய்.

என்னுடையது அந்த வகையிலேயே மிக மலிவானது. அதன் குறைகளை நான் மறைத்ததில்லை. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். அதை நம் கண்ணுக்குக் கொண்டுவர விலை கூடிய கேமராவில் கனமான பட்டகம் ஒன்று இருக்கும். என்னுடையதில் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். அதனால் எட்டிப் பார்க்கும் துளை சிறியது, கொஞ்சம் மங்கல். குவியப் புள்ளிகள் ஒன்பதில் நடுப்புள்ளியை மட்டும் நம்பலாம். நொடிக்கு மூன்று படம், அவ்வளவுதான். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றினால் படம் முழுக்க ரவை தூவியதுபோல் ஆகிவிடும். ஆனால் அந்தத் துளையில் தெரிவது திரை இல்லை, நிஜ வெளிச்சம். ஒரு துளியும் தாமதம் கிடையாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு ஆட்டத்துக்குக் காணும். முழு ஆட்டமும் தூக்கிப் பிடித்தாலும் கை வலிக்காது. மேலும், அதில் மாட்டியிருக்கும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒரு காபிக் கோப்பை அளவுகூட இல்லை, ஆனால் அகலமாகத் திறந்து வெளிச்சத்தை அள்ளும்.

கோளாறு எங்கே என்று தேடினேன். பேட்டரியை மாற்றினேன், கார்டை மாற்றினேன், லென்ஸின் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்தேன். புதன்கிழமை காலை முற்றத்தில் நெவென்கா துணி உலர்த்துவதைத் தொடர்ந்து நூறு படம் எடுத்தேன். நூறும் ஒரே நிறம்.

“இதையே மாட்டச் சொல்லு கூமாகிட்ட. இதையும் பதினெட்டு வருஷமாத்தான் பண்றேன்” என்றாள் அவள்.

ஆக, வெயிலில் நோய் இல்லை, அரங்கில் மட்டும்தான் இருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அரங்கில் ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்த படங்கள் கலங்கியிருந்தாலும் எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒன்றுபோல் இருந்தது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அன்று மதியம் ஓர் அடுக்குமாடியின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில் இருந்தேன். பழைய குழல்விளக்கின் கீழே சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் ஆரக்கால்கள் மெல்லப் பின்னால் நகர்வதுபோல் தெரிந்தன. இது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் எச்சரிக்கை: குழல்விளக்கில் சக்கரம் நிற்பதுபோல் தெரிந்தால் நம்பிக் கையை வைக்காதே. மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் விளக்கு இரண்டு முறை பிரகாசித்து இரண்டு முறை மங்கும். மொத்தம் நொடிக்கு நூறு துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அரங்கின் பழைய விளக்குகளும் இதே சாதிதான்.

நான் ஷட்டரை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு திறக்கும்படி வைத்திருந்தேன். அது ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. உச்சியில் வெட்டினால் வெள்ளை, சரிவில் வெட்டினால் பழுப்பு. அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதும் இல்லை; ஒரு கீற்று இடைவெளி படத்தின் குறுக்கே ஓடுகிறது. அது ஓடி முடிப்பதற்குள் விளக்கு மங்கினால் பாதிப் படம் இருட்டு. விலை கூடிய கேமராக்களில் சில இந்தத் துடிப்பை உணர்ந்து உச்சிக்காகக் காத்திருக்கும். என்னுடையதற்கு அது தெரியாது. தெரியாவிட்டால் என்ன? ஒரு துடிப்பு முழுவதும் திறந்திருக்கட்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு. எங்கே தொடங்கினாலும் ஒரு முழுத் துடிப்பின் வெளிச்சம் வந்தே தீரும். அது முன்பைவிட ஐந்து மடங்கு என்பதால் ஐஎஸ்ஓவையும் இறக்கலாம், ரவையும் போய்விடும்.

வியாழக்கிழமை வெளிச்சம் ஒரு படத்திலும் பிசகவில்லை. ஆனால் நொடியில் நூறில் ஒரு பங்கு, ஓடுகிறவளுக்கு மிக நீளம்; படத்தில் அவள் முகம் கோடாக இழுபட்டிருந்தது.

யாஸ்னா திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். “நிறம் சரி. ஆனா இது யாரு? நம்ம நெவென்காவா, ரயில்ல போற வேற யாராவதா?”

பெஞ்சில் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நெவென்கா கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் எடுத்ததெல்லாம் அவள் ஓடும்போதும் எறியும்போதும்தான்.

“நான் மேல போன உடனே எறிய மாட்டேன், டாமிர். கோல்கீப்பர் முதல்ல அசையட்டும்னு கையைப் பின்னாடி வச்சுட்டுக் காத்திருப்பேன். அவ அசைஞ்சப்புறம்தான் பந்து போகும். அதுவரைக்கும் நான் அசையறதே இல்ல. அதை ஏன் எடுக்க மாட்டேங்கற?”

பதினெட்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அவள் அந்தரத்தில் ஒரு கணம் நிற்கிறாள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேலே எறிந்த எந்தப் பொருளும் உச்சியில் வேகம் இழக்கும். மற்ற பெண்கள் அந்தக் கணத்தில் எறிந்து முடித்திருப்பார்கள். என் மனைவி அதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். உடனே எழுந்து மூன்று முறை தாவிக் காட்டினாள். இரண்டு படம் தெளிவாக விழுந்தது. யாஸ்னா அரை மனதோடு சரி என்றாள்.

சனிக்கிழமை மூலையில் அவளுக்கு நான்கு முறைதான் பந்து வந்தது. முதல்முறை முந்திவிட்டேன். அடுத்த இரண்டிலும் பிந்திவிட்டேன். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒன்று விழும் என்று விரல் துடித்தது. நொடிக்கு மூன்று படம் எடுக்கும் கேமராவில் அந்த ஏதாவது ஒன்று எப்போதும் இரண்டு படங்களுக்கு நடுவில் போய்விடும். அதனால் ஓர் அழுத்தலுக்கு ஒரே படம் என்று கேமராவை மாற்றி வைத்தேன்.

கடைசி நிமிடத்தில் நான்காவது பந்து வந்தது. இரண்டடி வைத்தாள், எழும்பினாள், கை பின்னால் போனது. அழுத்தினேன். கண்ணாடி மேலே புரண்டது, துளை இருண்டது. இந்த வகைக் கேமராவில் படம் பதிவாகும் கணத்தை மட்டும் எடுப்பவனால் பார்க்க முடியாது. கோல் விழுந்ததை அரங்கின் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அவள் ஏழாவதாகத் தொங்குகிறாள். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்கிறது. முகத்தில் ரவை இல்லை. கோல்கீப்பர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். நெவென்கா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவசரமே இல்லாமல்.

யாஸ்னா வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “இனிமே எல்லாப் பொண்ணுங்களுக்கும் நீதான் எடுக்கற. எப்படி எடுத்தேன்னு ஒரு காகிதத்துல எழுதி வை. உனக்கு மறந்துடும்” என்றாள்.

எழுதிக் கேமராப் பையின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்: அரங்கில் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. அவள் ஏறி முடித்து, எறியக் காத்திருக்கும்போது ஒரே ஒரு அழுத்தல்.