மூன்று நிமிடத்துக்குள்

“மூணு நிமிஷம் நாலு செகண்டு ஓடுது மேடம். மூணைத் தாண்டினா விதிப்படி எடுத்துக்க மாட்டாங்க. பதினோரு மணிக்குள்ள சார்கிட்ட சொல்லிக் குறைச்சு அனுப்புங்க” என்று பாட்டுப் போட்டி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் சொன்னபோது, அந்த சார் பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தார்.

“சரிங்க” என்று மட்டும் சொல்லி வைத்தாள் மகள். மணி பத்து நாற்பது. அப்பாவை எடுத்துப்போக வண்டி வருவதும் பதினோரு மணிக்குத்தான்.

முப்பது வருடமாக உலகத்துப் போட்டிகளுக்கெல்லாம் பாட்டு எழுதியவர் அப்பா. பத்தொன்பது முறை இறுதிச் சுற்று வரை போய், முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்து, ஜெயித்தவனுக்குக் கைதட்டிவிட்டு வந்தார். இந்தப் பாட்டைப் படுக்கையில் சாய்ந்தபடியே பாடிப் பதிவு செய்து, நேரம் பார்க்காமல் அனுப்பிவிட்டார். அவர் தொழிலில் அப்படியொரு தப்பு நடந்ததே இல்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “அங்க அப்பா கிடக்கறாரு, இங்க நீ கம்ப்யூட்டரும் கையுமா உட்கார்ந்திருக்கே. விட்டுத் தொலை!”

“இதான் அவரோட கடைசிப் பாட்டுண்ணா. விட்டா அவ்வளவுதான்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் பாட்டைத் திறந்தாள். ஒரு சொல்லைத் தொட்டாலே அப்பா இரண்டு நாள் பேசமாட்டார். எதை வெட்டுவது? முதல் வரியை எடுத்தால் அடுத்தது நொண்டியது. நடுவில் கை வைத்தால் தாளம் தடுக்கியது. மணி பத்து ஐம்பதைத் தாண்டியது. அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். “போடு, கேக்கறேன்.”

நின்றபடியே முழுதும் கேட்டாள். கடைசி வரி முடிந்தும் அப்பாவின் குரல் விடாமல் நீண்டுகொண்டே போனது.

“அந்தக் கடைசி இழுப்பை எடு.”

“அம்மா, அந்த உடம்புல அவ்வளவு மூச்சு எங்கேர்ந்து வந்துச்சோ. அதைப் போயி…”

“இழுக்காதீங்க, இழுக்காதீங்கன்னு முப்பது வருஷமா சொல்றேன். கேட்டாரா? எடுடி.”

வெட்டினாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரிபார்க்க இன்னொரு முறை கடைசி வரியை ஓடவிட்டாள். குரல் சட்டென்று நின்றது. மூன்று நிமிடம், மிகச் சரியாக.

“அனுப்பிடவாம்மா?”

நாற்காலி முதுகின் மேலிருந்த அம்மாவின் விரல்கள் செகண்டுக்கு ஒன்றாக மடங்கின. நான்காவது விரலும் மடங்கிய பிறகு, “ம், அனுப்பு” என்றாள்.