டாக்டர் வீட்டுச் சோபா

தெருவில் அவரைச் சோபாக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் வீட்டில் சோபா கிடையாது. இருபது வருஷமாக ஊரார் வீட்டுச் சோபாக்களைப் பிரித்து, நாடா மாற்றி, ஸ்பிரிங் கட்டி, புதுத் துணி போர்த்திக் கொடுத்தவர், தன் வீட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். யாராவது கேட்டால், "முடிவெட்டுறவரு தனக்குத்தானே வெட்டிக்குவாரா?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

போன வருஷம் அவர் கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். வேறு இடத்துக்குக் கேட்ட முன்பணம் அவருக்கு எட்டவில்லை. வேலை வீட்டுக்கு வந்தது, ஆனால் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் கூட வரவில்லை. மூன்றாவது மாடிக்குச் சோபாவை ஏற்றி இறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? முன்னறை முழுக்க ஃபோம் துண்டுகளும் நூல்கண்டுகளும் அடைத்துக்கொண்டன. வீட்டில் இருந்த இரண்டு மர நாற்காலிகளை விற்றதுகூட இடம் போதாமல்தான் என்று அவர் சொல்லிக்கொண்டார். மனைவி அதைத் திருத்தவில்லை.

மகள் அப்போதுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து ஒரே தனியார் பள்ளி. கடை ஓடிய காலத்தில் சேர்த்தது. அங்கே வேதியியல் ஆய்வுக்கூடத்தின்மேல் அவளுக்குப் பைத்தியம் பிடித்துப்போயிருந்தது. விரல் நுனியெல்லாம் பழுப்பாக்கிக்கொண்டு வருவாள். வகுப்பு முடிந்த பிறகும் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொடுக்கிறேன் என்று அங்கேயே கிடப்பாள். "இங்க ஒரு டம்ளர் கழுவ மாட்டா, அங்க போய்க் கழுவுறா" என்று அம்மா புலம்புவாள். பக்கத்து அரசுப் பள்ளியிலும் அறிவியல் பிரிவு இருந்தது. ஆய்வுக்கூடம் என்று ஓர் அறையும் இருந்தது. அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

பள்ளியில் கட்டண உதவி உண்டு, ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்தது மனைவிதான்.

"கையேந்துற மாதிரி இருக்கு" என்றார் அவர்.

"கையேந்தலைங்க. நிலைமை இதுதான்னு சொல்றோம். அவங்க குடுத்தா குடுக்கட்டும்."

விண்ணப்பத்தை மகள் எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். பள்ளியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதன் பிறகுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில் முன்னறையில் ஒரு சோபா முடிந்து நின்றது. பல் டாக்டர் வீட்டுச் சோபா. கரும்பச்சை வெல்வெட், முதுகில் வரிசையாகக் குழித்த பொத்தான்கள், கைப்பிடியில் சுருள். கடை போன பிறகு அவர் கைக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை. மனம் வைத்துச் செய்திருந்தார். அதன்மேல் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் உறை. முடித்த சோபாவில் அதன் சொந்தக்காரருக்கு முன்னால் யாரும் உட்காரக்கூடாது என்பது அவர் தொழிலுக்கு வைத்திருந்த சட்டம். கொண்டுபோய் இறக்கியதும் உறையை உருவி, "நீங்கதாங்க முதல்ல உக்கார்றீங்க" என்பார். அதைக் கேட்டு மலராத முகத்தை அவர் பார்த்ததில்லை. மகள் ஐந்து வயதில் அப்படி ஒரு சோபாவில் ஏறிக் குதித்ததற்கு வாங்கிய அடிதான் அவள் வாழ்நாளில் வாங்கிய ஒரே அடி.

மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். சோபாக்களை ஏற்றி இறக்குவது அவன்தான். பள்ளியிலிருந்து ஆள் வருகிற அன்றைக்கு முந்தின நாள் வந்து நின்றான்.

"அத்தான், இறக்கிடலாமா? டாக்டர் வீட்டம்மா எனக்கே போன் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க."

"ரெண்டு பொத்தான் இறுக்கணும். நாளன்னைக்கு வா."

"ஏங்க, நாளைக்கு அந்த மேடம் வர்றாங்க" என்றாள் மனைவி. "இத முதல்ல அனுப்பிடுங்களேன்."

"பொத்தான் தெறிச்சா என் பேருதான் கெடும்."

தம்பி சிரித்தான். "அக்கா, அத்தான் சொன்னா கேளு. நான் வேணா நாளைக்கு வந்து கதவோரமா நின்னு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடட்டுமா? தாய்மாமன்ங்கிற முறையில?"

"நீ வராம இருந்தா அதுவே போதும்டா. உன் மூஞ்சியப் பாத்தா குடுக்குறதையும் நிறுத்திடுவாங்க."

பொத்தான்கள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வருகிறவர் கண்ணில் வெறும் ஃபோம் குப்பை மட்டும் பட வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பொத்தானைச் சொன்னார்.

மறுநாள் காலையில் வந்த பள்ளி அலுவலக அம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "லிஃப்ட் இல்லையாங்க?" என்று கேட்டபடியே உள்ளே வந்தார். நாற்காலி கிடையாது. வேலைக்குச் சோபாக்காரர் உட்காரும் குட்டை முக்காலி ஒன்றுதான் இருந்தது, அதிலும் பசை ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

சோபாக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு போய்ப் பிளாஸ்டிக் உறையை உருவினார்.

"உக்காருங்க மேடம்."

உள்ளறைக் கதவருகே நின்ற மகள் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மாள் உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா. என்ன சுகமா இருக்கு." வெல்வெட்டைத் தடவினார். "புதுசா?"

"ஆமாங்க."

"உங்களுதா?"

யாரோ ஒருவருடையது என்று சொன்னால் அந்த அம்மாள் பதறி எழுந்துவிடுவார். வாடிக்கைக்காரர் பொருளில் ஊராரை உட்காரவைக்கிற ஆள் என்று தன்னை நினைத்துக்கொண்டு நிற்பார், அந்த முழங்காலோடு. இதெல்லாம் பின்னால் சோபாக்காரர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்தக் கணத்தில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். தன் வீட்டில், தன் கையால் செய்த சோபாவில், ஒரு விருந்தாளி சௌகரியமாகச் சாய்ந்திருக்கிறார்.

"நம்மளதுதாங்க. வீட்டுக்குன்னு செஞ்சேன்."

மனைவி தேநீரோடு வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

"கைவேலை அருமையா இருக்கே" என்றார் அந்த அம்மாள். "கடையில வாங்கினா ரொம்ப ஆகுமோ?"

இருபது வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் அவருடையது. "இந்த ஸ்பிரிங்கு, இந்தத் துணி எல்லாம் கடையில கிடைக்கவே கிடைக்காது மேடம். கிடைச்சாலும் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை சொல்லுவான்." சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுருளைத் தட்டிக் காட்டினார். உள்ளே தேக்குச் சட்டம் என்றார். முப்பது வருஷம் உழைக்கும் என்றார். மகள் வாய் திறந்து ஏதோ சொல்லப்போனாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் எதையும் எழுதவில்லை. வருமானம் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், மகளிடம் படிப்பைப் பற்றி விசாரித்தார், தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். "வர்றேங்க" என்று அன்பாகவே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

படியில் சத்தம் அடங்கியதும் மனைவி கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு வயசானவங்கள நிக்க வைக்கச் சொல்றியா?"

"உக்கார வச்சத நான் கேக்கல."

அவர் உறையை எடுத்துச் சோபாவுக்குத் திரும்பப் போர்த்தினார். மறுநாளே பள்ளிக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று படுக்கும்போது முடிவு செய்தார். விடிந்ததும் அது வேறு மாதிரி தெரிந்தது. சோபாவைப் பற்றிப் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால், விண்ணப்பத்தில் எழுதியது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவார்கள்? சோபா ஒன்றைப் பார்த்தா ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு பண்ணப்போகிறார்கள்? நாலு பேர் படித்தவர்கள் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்களா? இப்படி ஒரு நாள், இன்னொரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனார்.

இதற்கிடையில் டாக்டர் வீட்டுக்குச் சோபா போனது. டாக்டர் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். உறையை உருவினார். "நீங்கதாங்க முதல்ல உக்கார்றீங்க" என்றார். அவள் முகம் மலர்ந்தது. திரும்பி வரும்போது வேனில் உருவிய உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன அத்தான், பொண்ணக் கட்டிக்குடுத்துட்டு வர்ற மாதிரி வர்றீங்க" என்று மைத்துனன் சீண்டினான்.

பள்ளியிலிருந்து பதில் வந்தது. இந்த ஆண்டு தேவை அதிகமுள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறோம், வருந்துகிறோம்.

அன்றே சோபாக்காரர் பள்ளிக்குப் போனார். அலுவலக அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சோபா யாருடையது, வீட்டில் இருந்த நாற்காலிகள் என்ன ஆயின, ஏன் அப்படிச் சொன்னார். கடைசியாக, "பொய் சொல்லிட்டேன் மேடம்" என்றார்.

அந்த அம்மாள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"நான் உங்ககிட்ட கேட்டேனே. உங்களுதான்னு கேட்டேன்."

"கேட்டீங்க மேடம்."

"எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். டிவிய போர்வை போட்டு மறைச்சு வச்சிருப்பாங்க. வண்டிய பக்கத்துத் தெருவுல நிறுத்திட்டு வருவாங்க. இல்லைன்னு பொய் சொல்றவங்கள எனக்குப் பாத்ததும் தெரியும். இருக்குன்னு பொய் சொல்ற ஆள நான் பாத்ததே இல்லீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"தப்பு என்னோடதுதான். இப்ப ஏதாவது..."

"குழு கூடி முடிச்சாச்சு. இருக்குற தொகையப் பிரிச்சுக் குடுத்துட்டோம். இப்ப உங்க பொண்ணுக்குன்னு எடுத்தா, குடுத்துட்டோம்னு சொன்ன இன்னொரு பிள்ளைகிட்ட இருந்துதான் எடுக்கணும்." அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொல்லுங்க, எடுக்கவா?" என்றார். அது குத்தலாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"வேண்டாம் மேடம்."

"வந்துட்டுப் போன மறுநாள் வந்திருந்தீங்கன்னாகூட நான் மாத்தி எழுதியிருப்பேன்."

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சோபாக்காரருக்குத் தோன்றியது.

வீட்டில் மகள் ஒரு பழைய குஷன் உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அவள் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. நீங்க மோட்டார் சைக்கிள் விலைன்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்ப ஏன் பாப்பா சும்மா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். அந்தத் தேக்குச் சட்டம், ஸ்பிரிங்குன்னு சொல்லிட்டு இருந்தீங்கல்ல. கடைய இடிச்சதுக்கப்புறம் நீங்க அப்படிப் பேசி நான் பாக்கவே இல்ல. அதான்." நூலை இழுத்து எடுத்தாள். "சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் உன்னத் திட்டியிருப்பேன்."

"திட்டிட்டுப் போயிருக்கலாம்ப்பா" என்றாள் அவள், கணக்குச் சொல்கிற குரலில். "அங்கேயே படிச்சிருப்பேன்."

அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க இருவரும் பள்ளிக்குப் போனார்கள். அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நாலைந்து பெற்றோர் வரிசையில் நின்றார்கள். நல்ல சட்டை, கையில் கார் சாவி. உள்ளே இருந்தவன் சின்ன வயதுக்காரன், வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

"விலகக் காரணம் என்னன்னு போடட்டும் சார்?" அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வீடு மாறுறோம்னு போட்டுடவா? நிறையப் பேரு அப்படித்தான் போடச் சொல்லுவாங்க."

பின்னால் நின்றவர் காலை மாற்றி வைத்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"வீடு மாறலைங்க" என்றார் சோபாக்காரர். "பணம் கட்ட முடியல. அப்படியே போடுங்க."

அவன் தட்டினான். பின்னால் நின்றவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, எவ்வளவு லேசாக வந்துவிட்டது என்று. இதைச் சொல்ல முடியாமலா அன்றைக்கு அந்த அம்மாள் முன்னால் வாய் அப்படி அடைத்துக்கொண்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தும் கையை நீட்டவில்லை. மகள்தான் எட்டி வாங்கிக்கொண்டாள்.