அப்பா செஞ்சது

“இது நான் செஞ்சதில்ல, அப்பா செஞ்சது” என்று நான் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறேகால் மணிக்கு. மணி வரைக்கும் ஞாபகம் இருக்கிறதென்றால், அந்த ஒரு பேச்சுக்காக அதற்கப்புறம் என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எதிரில் இரண்டு தட்டு, இரண்டு பேர். பெரியவனுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவனுக்கு வக்கீல் என்று பெயர், ஏனென்றால் ஒரு பட்டாணியைத் தின்ன வைப்பதற்குள் ஒன்பது கேள்வி கேட்பான். சின்னவளுக்கு ஆறு. அவள் பூனை. எதையும் மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். பாதி நாள் முகர்ந்ததோடு சரி.

அன்றைக்குக் காலையில்தான் பூனையைக் குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர், “ரத்தமே இல்லையேம்மா” என்றார். எடை பார்க்கும் கருவியில் அவளை ஏற்றினால் முள் நகரவே யோசித்தது. சத்து மருந்து கொடுத்தால் வாந்தி எடுக்கிறாள் என்று சொன்னேன். “அப்போ காய், கீரைதான் வழி. மூணு மாசம் பார்க்கலாம். ஏறலைனா ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி வழியாத்தான் ஏத்தணும்” என்றார். நான் தலையாட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது என் வேலை. ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரிடம் சொல்லுகிறேன். என் புகாரைப் பதிவு செய்யத்தான் ஆளில்லை.

அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கைப்பையைக் கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய், ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிச் செய்ததுதான் அந்த உருண்டை. கேரட், பீட்ரூட், பூசணி, ஒரு கட்டுக் கீரை. எல்லாவற்றையும் வேகவைத்து, துணியில் கட்டி, கை விட்டுப்போகிற அளவுக்குத் தண்ணீரைப் பிழிந்து, உருளைக்கிழங்கும் ரொட்டித் தூளும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாலு பக்கமும் சிவக்க வைத்து, தக்காளிக் குழம்பில் போட்டேன். பிழிந்த தண்ணீரைக் கொட்டவில்லை, அதுவும் குழம்புக்குள்ளே போய்விட்டது. பீட்ரூட் நிறத்தில் கீரையின் பச்சை செத்துப்போய், பார்த்தால் இன்னதென்றே சொல்ல முடியாது. அவ்வளவும் செய்து தட்டில் வைத்தால், வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான்: “இதுக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்க?”

அப்போதுதான் வாயிலிருந்து விழுந்தது, “இது நான் செஞ்சதில்ல, அப்பா செஞ்சது” என்று. அவர் அந்த நேரம் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். அடுப்படியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். வக்கீல் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு தங்கையிடம் தீர்ப்புச் சொன்னான். “அப்பாவுக்குக் காய் நறுக்கவே தெரியாது. அப்போ இதுல காய் இருக்க சான்ஸே இல்ல. சாப்பிடு.”

பூனை முகர்ந்தாள். ஒன்றைக் கடித்தாள். ஐந்து உருண்டை தின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாருங்கள், ஒரு மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவருக்கு நற்சான்றிதழாகிவிட்டது. ஒன்பது வருஷமாக அடுப்பில் வெந்துகொண்டிருப்பவள் மேல்தான் சந்தேகம்.

அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு நாள் இந்த நாடகம். பிள்ளைகள் கீழ் வீட்டில் விளையாடிவிட்டு வருவதற்குள் நான் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும் அவர் என் சமையல் மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பார். நான் கூடத்துக்கு வந்து செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். முதல் மாதம் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்தக் கண்ணடிப்பு இருந்த வரைக்கும் எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் கண்ணடிப்பது நின்றது. மூன்றாம் மாதம் ஒரு நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறார்: “இன்னைக்கு உப்பு ஒரு சிட்டிகை கம்மியாப் போட்டுட்டேன்.”

போட்டுட்டேனாம்! பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். அப்போதும் ‘போட்டுட்டேன்’. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. “யாரு போட்டது?” என்று கேட்டேன். “அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது அவரும் கூட வந்தார். எடை ஒரு கிலோ இருநூறு ஏறியிருந்தது. டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். “அடேயப்பா, ரத்தம் ஊறுதே! யாரு உனக்குச் சமைச்சுப் போடறது?” என்று கேட்டார். பூனை சட்டென்று, “அப்பா!” என்றாள். டாக்டர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இப்படி ஒரு அப்பாவை நான் பார்த்ததே இல்ல சார்” என்றார். அவர் மறுக்கவில்லை. “பொறுமை வேணும் டாக்டர், அவ்வளவுதான்” என்றார். நான் பூனைக்குச் சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், பொத்தான் துளைக்குள் போகாமல் மூன்று தடவை நழுவியது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “எனக்கு மாலை போட வேண்டாம். ஆனா என் எதிர்லயே இப்படி வாங்கிப் போட்டுக்கறீங்களே, கொஞ்சமாவது கூசலையா?” என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார். “ஆரம்பிச்சது யாரு? நீதானே. சரி, இப்பவே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடுவோம். உள்ள கீரை இருக்கு, அம்மாதான் செஞ்சான்னு சொல்லு. நாளைக்குப் புள்ள சாப்பிடுமா?” சாப்பிடாது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் கட்டிய முடிச்சில் நானே மாட்டிக்கொண்டு நின்றேன்.

இதற்கு மேல் என் நாத்தனார் வேறு. அவருடைய அக்கா. தொலைபேசியில் தம்பி என்ன அளந்தாரோ தெரியாது, “நீ கொடுத்து வெச்சவ! என் வீட்டுக்காரர் ஒரு காப்பி போட்டுக் குடுத்ததில்ல” என்று என்னிடம் மூச்சு விடாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், தம்பி அந்த உருண்டையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். அவருடைய பேரனும் காய் தின்ன மாட்டேன் என்கிறானாம். “தாராளமா வாங்க அண்ணி” என்றேன். என் குரலில் இருந்த தேனைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

ஞாயிறு காலை பிள்ளைகளை ஓவிய வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு மணிக்குத்தான் திரும்புவார்கள். காய்களைக் கழுவி மேடை மேல் வைத்தேன். அதோடு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

“என்ன உக்காந்துட்ட? அக்கா வந்துடுவா.”

“வரட்டுமே. நீங்க செய்யறதைப் பார்க்கத்தானே வர்றாங்க?”

“விளையாடாத. நீ முக்கால்வாசி முடிச்சு வெச்சிடு, கடைசியில நான் கிண்டறேன்.”

“பொறுமை வேணும், அவ்வளவுதான்” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாசலில் மணி அடித்தது.

நாத்தனார் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வந்திருந்தார். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் காது முழுக்க அங்கேதான். கத்தி பூசணியில் இறங்க மறுக்கும் சத்தம். தட்டு விழும் சத்தம். “டேய், தோலோடயா போடுவ?” என்ற நாத்தனாரின் கேள்வி. “அதுலதான் சத்து” என்ற அவரின் பதில். ஒரு தடவை கைக்குட்டை எடுக்கும் சாக்கில் வெளியே வந்து என் காதோரம் குனிந்து, “கீரையை வேகவைக்கணுமா, பச்சையாவா?” என்றார். “எனக்கென்ன தெரியும்?” என்றேன். இரண்டாவது தடவை, “உருண்டை நிக்க மாட்டேங்குதும்மா, தண்ணியா ஓடுது” என்றார். பிழிய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டாக்டர் அறையில் அந்தக் கை குலுக்கலை நினைத்துக்கொண்டேன். வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

ஒரு மணிக்குச் சட்டி மேசைக்கு வந்தபோது அதில் உருண்டை என்று ஒன்று இல்லை. தக்காளிக் குழம்பில் எல்லாம் கரைந்து, சேறு மாதிரி ஒன்று, அதன் மேல் கீரை இழை இழையாக மிதந்துகொண்டிருந்தது. பூசணித் தோல் அங்கங்கே எட்டிப் பார்த்தது. நாத்தனார் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார். அவருக்கு என்னமோ புரிய ஆரம்பித்திருந்தது. என்னை ஒரு பார்வை, தம்பியை ஒரு பார்வை பார்த்தார். மேலங்கியை எப்போதோ கழற்றி எறிந்திருந்தார் என் வீட்டுக்காரர். நெற்றியில் வியர்வை, சட்டைக் கையில் பீட்ரூட் கறை. எனக்கு மனதுக்குள் குளிர்ந்தது என்று சொல்ல வெட்கமாக இல்லை. மூன்று மாதக் கணக்கு தீரப்போகிறது, பிள்ளைகள் வரட்டும், அப்பா சமையல் என்றால் என்னவென்று இன்றைக்குத் தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். விரலெல்லாம் வண்ணத்தோடு தட்டு முன்னால் உட்கார்ந்தார்கள். நாத்தனார்தான் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தார். வக்கீல் ஓர் இழையைக் கரண்டியால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். “கீரை” என்றான், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில். பூனை குனிந்து முகர்ந்தாள். நிதானமாக, இரண்டு தடவை. பிறகு தட்டை என் பக்கமாகத் தள்ளினாள்.

“இது அம்மா செஞ்சது” என்றாள்.

“ஆமா” என்றான் வக்கீல். “அப்பா இப்படிச் செய்யவே மாட்டார். ஏம்மா, நாங்க இல்லாதப்போ அப்பாவைச் செய்ய விடலையா நீ?”

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. நல்லது வெந்தால் அப்பா, நாசமானால் அம்மா! இதற்கா நான் கீரையைப் பிழிந்து பிழிந்து விரல் மடக்க முடியாமல் வேலைக்குப் போனேன்? பெற்றவளுக்கு இதுதான் பெயரா? நான் அவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரை. இப்போது சொல்லுங்கள், ஒரே ஒரு வாக்கியம், இந்தச் சேற்றை மட்டுமாவது உங்களுடையது என்று ஏற்றுக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கண் முழுக்க எழுதியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பூனையின் கன்னத்தைப் பார்த்தார், மூன்று மாதத்தில் கொஞ்சம் உப்பியிருந்த கன்னம்.

“ஆமாம்மா” என்றார். “அம்மா செஞ்சதுதான்.”

“டேய்!” என்றார் நாத்தனார்.

நாளைக்குச் செய்யப்போகும் உருண்டையைக் காப்பாற்றவா என் வீட்டுக்காரர் அப்படிச் சொன்னார், தன் தலையைக் காப்பாற்றவா? இதை எழுதும் இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதை யோசிக்கும் நிலையிலும் நான் இல்லை. காது இரண்டும் கொதித்தது. “இல்ல, இது உங்கப்பா செஞ்சது, தினமும் நீங்க திங்கறது நான் செஞ்சது” என்று கத்திவிட எழுந்தே விட்டேன். பூனை நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே, “அப்பா, நாளைக்கு நீ செய்வல்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்ததை விழுங்கினேன்.

பிள்ளைகளுக்கு நாத்தனார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். நான் அவர்கள் தட்டுகளை எடுத்து, இரண்டையும் என் வீட்டுக்காரர் தட்டில் கவிழ்த்தேன். சட்டியைச் சாய்த்தேன். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று. விளிம்பு வரைக்கும் வந்தது.

“போதும், போதும்” என்றார்.

“நான் ஆசையாச் செஞ்சது. சாப்பிடுங்க.”

“அம்மா செஞ்சா தட்டுல மிச்சம் வைக்கக் கூடாது” என்றான் வக்கீல், ரொட்டியை மென்றுகொண்டே. “எங்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டமா?”

நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பூனை இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து அப்பாவின் வாயையே பார்த்தாள். அவர் முதல் கரண்டியை எடுத்தார். கீரை இழை ஒன்று உதட்டிலிருந்து தாடை வரைக்கும் தொங்கியது, பூசணித் தோல் பல்லில் நறுக்கென்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்த கரண்டியை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.