இடது காலில் வெள்ளிக் காப்பு

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து சூசை மேரியின் வலது கால் திண்டிவனத்திலும் இடது கால் அமெரிக்காவிலும் நடந்தன. இதைப் பற்றி விழுப்புரம் வரைக்கும் பலவிதமாகப் பேசினார்கள். செய்வினை என்றார்கள், நரம்புக் கோளாறு என்றார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் கிடையாது. நடந்தது இதுதான்.

சூசை மேரியின் கணவர் இருதயராஜ், திண்டிவனத்தில் நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். பெரிய வியாழக்கிழமை பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவும்போது முதல் நாற்காலி மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு உரியது. அதில் அவர் முதுகு வளையாமல் உட்காருவார். மண்டியில் மூட்டை விழுந்து அவருடைய இடது கால் கட்டைவிரல் நகம் போய்விட்டது. அப்போது கட்டுப் போட்டவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஜெசி. அந்தக் கட்டு போட்ட நேரம்தான் அவள் நர்ஸ் ஆனாள் என்று சொல்வார்கள். விழுப்புரத்தில் வேலை பார்த்தவள், 1993இல் கோலியனூர் திருமுருகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். பையன் வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த நிலத்தில் பயிர் செய்பவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். அப்பாவிடம் கேட்காமல் செய்ததுதான் குற்றம்.

“உன் காலு இந்தப் படியில படக் கூடாது. இந்த வூட்டு ஆளுங்க காலும் உன் வாசல்ல படாது. போ” என்றார் இருதயராஜ். எங்கள் குடும்பத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஜெசி போனாள். முதலில் வளைகுடாவுக்கு, அங்கிருந்து கணவனோடு அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் கேலப் என்ற ஊர் ஆஸ்பத்திரிக்கு.

மூன்று வருடம் கழித்து, இரும்பை கிராமத்துப் பக்கம் தங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஜெசி கொடுத்ததென்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே வாய் திறந்த வெள்ளிக் காப்பு. நடுவில் நீலக் கல், பவழம், கறுப்புக் கல், சிப்பி எல்லாம் மெல்லிய வெள்ளிக் கோடுகளுக்கிடையில் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு சூரிய முகமாகியிருந்தன. அந்த ஊரின் பூர்வகுடிகளான நவஹோ மக்களில் ஒருவர் வெள்ளியை அடித்தார் என்றும், ஜெசி நோயில் பார்த்துக்கொண்ட ஜூனி இனத்துப் பெண் கல்லை இழைத்துப் பதித்தாள் என்றும் வெள்ளைக்காரர் சொன்னார். எங்களுக்கு நகை செய்யும் தாண்டவராயன் பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கல்லு நடுவுல ஒரு மயிரு நுழையாதுங்க. அளவு ஆம்பள கை அளவு. முதலாளிக்குன்னே சொல்லி செஞ்சா மாதிரி இருக்குது.”

“வெள்ளி காலுக்குப் போடற சாமான்” என்றார் இருதயராஜ். “அத என் கைக்கு அனுப்பிச்சிருக்கா. நான் இன்னா தங்கம் பார்க்காதவனா? தூக்கி அந்தாண்ட போடு.”

மறுநாள் சூசை மேரியின் இடது கணுக்காலில் காப்பு இருந்தது. குச்சி போன்ற காலுக்கு அது அளவாகப் பொருந்தியது. அவர் முறைத்தபோது, “நீங்க சொன்னா மாதிரி கால்லதாங்க போட்டுக்கினேன்” என்றாள்.

அன்று மாலையிலிருந்து அவளுடைய இடது பாதத்தில் மட்டும் சிவந்த புழுதி ஒட்டியது. கழுவினால் மறுபடி ஒட்டியது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணிதான் முதலில் கேட்டாள்.

“இன்னாக்கா, ஒரு காலு மட்டும் செம்மண்ணு? வல்லத்துக்கு நொண்டி அடிச்சிக்கினே போய் வந்தியா?”

“வல்லம்லாம் ஒரு தூரமாடி” என்றாள் சூசை மேரி.

டிசம்பரில் அந்தக் கால் ஐஸ் பெட்டியில் வைத்தது போல் சில்லிட்டு, குதிகாலில் பனி ஒட்டியிருந்தது. சனவரியில் ஒருநாள் தோட்டத்திலிருந்து அடுப்படிக்கு வந்தவளின் இடது காலில் சிவப்புக் கம்பளிக் காலுறை இருந்தது. அங்கே ஜெசியின் வாசலில் பதிந்த ஒற்றைக் காலடியை யாரோ அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்கள். சூசை மேரி தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உலையில் போட்ட சோறு குழைந்துபோனது. அதன்பிறகு சித்திரை வெயிலிலும் ஒற்றைக் காலுறையோடுதான் கோயிலுக்குப் போனாள்.

வருடங்கள் போயின. இடது கால் விரல்களுக்கு மட்டும் காப்புக் கல்லின் நீலத்தில் நகச்சாயம் ஏறியது. பிறகு சில மாலைகளில் அவளால் நின்ற இடத்தை விட்டு நகர முடியவில்லை. கறிகாய்க்காரன் கூப்பிட்டால், “இருப்பா, புள்ள கால் மேல உக்காந்துகினு இருக்குது” என்பாள். பேரனா பேத்தியா என்று அவளுக்குத் தெரியாது. கனத்தை வைத்து வளர்ச்சியை மட்டும் சொன்னாள்.

ஒருமுறை கணவனிடம், “காலுக்குக் கண்ணு இல்லீங்களே” என்றாள். இருதயராஜ் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். அன்றைக்கு அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு காலும் போயிருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

2012 தொடக்கத்தில் சூசை மேரி இறந்தாள். உடம்பு குளிர்ந்த பிறகும் இடது பாதம் மறுநாள் அடக்கம் வரை சூடாகவே இருந்தது. நகையோடு அடக்கம் செய்வது எங்கள் வழக்கமில்லை. இருதயராஜ் தன் கையால் காப்பைக் கழற்றினார். அந்த நொடியில் பாதமும் குளிர்ந்தது. ஜெசிக்குத் தகவல் போகவில்லை. அங்கே வாசலில் ஒருத்தி தண்ணீரும் காலுறையுமாகக் காத்துக்கொண்டிருப்பாள் என்பதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாம்பல் புதனன்று காப்பு இருதயராஜின் இடது காலில் இருந்தது. வயதில் அவர் காலும் குச்சியாகியிருந்தது. ஆனால் வாக்கு வாக்குதான். தவக்காலம் முழுக்க அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் தடியோடு தத்தித் தத்தி நடந்தார். மூட்டு வலி என்றார்.

பெரிய வியாழக்கிழமை முதல் நாற்காலியில் இடது காலை மடக்கித் தூக்கியபடி உட்கார்ந்தார். புதிதாக வந்த இளம் சாமியார் வலது பாதத்துக்குத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பெரியவரே, அந்தக் காலையும் கீழ வைங்க. சாஞ்சிடப் போறீங்க.”

“பரவால்ல சாமி.”

“வைங்க, நான் சொல்றேன்.”

பீடத்தை நேராகப் பார்த்தபடி இருதயராஜ் காலை இறக்கினார். சாமியார் வலது பாதத்தைக் கழுவினார். இடது பாதம் தானாக நனைந்தது. பார்த்தவர்கள் பலர். ஒரு கை அதைப் பிடித்தது போல் தோல் அழுந்தியது. நகமில்லாத கட்டைவிரலில் வந்து அந்த அழுத்தம் நின்றது, வெகுநேரம் நின்றது. பிறகு சோப்பு நுரை எழுந்தது, விரல் இடுக்கெல்லாம் தேய்க்கப்பட்டது. நாற்காலியைச் சுற்றித் துடைத்த கோயில்பிள்ளை, “சாமி, இது நம்ம தண்ணி இல்ல, வெந்நி” என்றார். சாமியார் அடுத்த நாற்காலிக்குப் போனார். இருதயராஜ் முதன்முறையாக முதுகு வளைந்து, தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் சொல்லி ஊன்றிய கால் வாக்கு மீறியதாகாது என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அதில் மாற்றமில்லை. இப்போது அவர் தினமும் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு இரண்டு காலையும் ஊன்றி உட்காருகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றுவதுதான் முறை. எங்கள் வாசலில் அவருடைய வலது செருப்பு மட்டும் கிடக்கிறது. இடது செருப்பு எங்கே என்று தெருவில் யாரும் கேட்பதில்லை.