முள்ளு சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் டாக்டர் அறை வாசலில், என் நாற்பத்து மூன்று வயது அக்காவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரமே இருந்த ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. கிடைத்ததுமே கை பரபரத்தது. அக்காவின் கைப்பையைக் குடைந்து ஒரு மருந்துக்கடை பில்லை எடுத்து, அதன் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்.

"குரல் என்பது மனிதனின்…"

வேண்டாம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கிறது.

"மழை பெய்துகொண்டிருந்தது." எங்கே பெய்தது? வெயில் மண்டையைப் பிளந்தது.

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2.

முள்ளுவை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் உங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, டிவியும் இல்லை என்று அர்த்தம். ஊதா நிறம், ஒற்றைப் பல், மூக்கால் பேசும் முள்ளெலிக் குட்டி. பென்சில் பெட்டியில் அவன், தண்ணீர் பாட்டிலில் அவன். கடைசிப் பகுதியில் அவன் காட்டுக்குத் திரும்புவானா மாட்டானா என்று பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இணையத்தில் மல்லுக்கட்டுகிறார்கள். நான் 'திரும்பக் கூடாது' கட்சி. இதற்காக முகம் தெரியாத ஆட்களோடு பேச்சுவார்த்தையையே முறித்துக்கொண்டிருக்கிறேன்!

அந்த முள்ளு என் அக்கா.

குரல் மட்டும். ஆரம்பத்திலிருந்தே அவள்தான் டப்பிங். படம் முடிந்ததும் ஓடும் பெயர்களில் ஸ்டுடியோவுக்கு வண்டி ஓட்டுகிறவர் பெயர்கூட வரும், அக்கா பெயர் வராது.*

(* இந்த இடத்தில் முகத்தைக் கொண்டாடும் உலகம் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.)

3.

போன வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டியது. சொந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டருக்குப் பார்த்ததும் முகம் மாறியது.

"தொண்டை டாக்டர்தான் இத பாக்கணும்மா. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறிப் பேசினா, குரல் திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா சமர்த்தாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள், ஃபோனை எடுத்து மருத்துவமனைக்குத் தானே பேசினாள்! ஒரே ஒரு ஃபோன்தானே என்று நினைத்திருக்கிறாள். அவளுடைய குரல் எழும்பவில்லை. முள்ளுவின் குரல் மட்டும் கீச்சென்று வந்தது.

"வயசு?"

"நாப்பத்தி மூணு."

எதிர்முனையில் சிரிப்பு. "வாயாடி! ஃபோனை அம்மாகிட்ட குடுடா கண்ணு."

"அம்மா ஊர்ல இல்ல."

அந்தப் பெண் மனம் இளகி, அன்றைக்கே முதல் ஆளாக இடம் பிடித்துத் தந்துவிட்டாள். குழந்தைகள் பிரிவில்.

4.

வரவேற்பு மேசைப் பெண்ணை முதல் பிரதியில் ராட்சசியாக்கியிருந்தேன். நீண்ட நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் என்று எழுதினேன். பொய். கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள். [இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவ்வளவு நேரம் வாதாடினேன்.]

"தொண்டை டாக்டர் கிளம்பறாருங்க. இனிமே அடுத்த மாசம்தான்."

"நாளைக்கு இவங்களுக்கு ரெக்கார்டிங்! பேசலாமா கூடாதான்னு டாக்டர் இன்னைக்கே சொன்னாத்தான் உண்டு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. பிரிவு மாத்திப் போட்டது நீங்கதானே?"

"ஃபோன்ல பேசினது ஒரு குழந்தைங்க. என் காதால கேட்டேன். குழந்தைன்னு சொல்லி முன்னாடி இடம் வாங்கறவங்க எத்தனை பேர்னு நெனக்கறீங்க?"

"நீங்க கேட்டது இந்தக் குரல்தானே? இது இவங்க குரல்," என்று என் ஃபோனில் முள்ளுவை ஓடவிட்டேன். அவ்வளவுதான், மஞ்சள் நாற்காலிகளெல்லாம் காலி! மூக்கு ஒழுகுகிறவர்கள், கையில் கட்டுப் போட்டவர்கள், எல்லோரும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். எனக்குப் புல்லரித்தது.

"என் பொண்ணும் இதப் பாக்காம சாப்பிட மாட்டா," என்றாள் மேசைப் பெண். "ஆனா இதுல இவங்க பேரு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது.

அவளுக்கும் மனசு கேட்கவில்லை போல. "அந்தக் குரல்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. எங்க தப்புதான்னு ஒத்துக்கிட்டு, நானே ஓடிப்போய் டாக்டரை நிறுத்தறேன்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தொண்டை டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

5.

முதல் முடிவு: சொல்கிறாள். குழந்தைகள் கூச்சல், டாக்டர் திரும்புகிறார், ஒரே கொண்டாட்டம். எழுதும்போது நாற்காலியைவிட்டுக் குதித்தே விட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு குரல் போய்விட்டால்?

இரண்டாவது முடிவு: சொல்லாமல் வீடு திரும்புகிறாள். முள்ளு யாருடைய குரலிலோ… இல்லை, இதை என்னால் எழுத முடியாது.

மூன்றாவதில் டாக்டரின் மகன் முள்ளு படம் போட்ட சட்டையோடு உள்ளே… சீ, சினிமா.

நிஜத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைவிடப் பிரமாதமான ஒன்று இப்போது, இந்த வரியில், எனக்குப் பிடிபட்டுவிட்டது! காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. இதில் யார் பேசினாலும் வாசிக்கிறவர் தொண்டையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அக்கா பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள். டாக்டரின் கை வெளிக்கதவுப் பிடியில் இருக்கிறது. மேசைப் பெண் எட்டிப் பார்க்கிறாள். சொல்ல வேண்டிய வார்த்தையைக் கீழே வைக்கிறேன். மனசுக்குள் வாசிக்காதீர்கள், யாருக்கும் கேட்காது. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, மூக்கைச் சுருக்கிக்கொண்டு உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அவள் சொல்ல வேண்டியதில்லை.

"நான்தான்!"