முப்பத்தாறு புரிஞ்சுதா

கணக்கு டீச்சருக்குத் தன் திறமையில் சந்தேகமே வந்ததில்லை. ஆளுக்கொரு வகுப்பைப் பதிவுசெய்து கேட்டுப் பார்க்கும்படி தலைமையாசிரியை உத்தரவு போட்டதால், வேண்டாவெறுப்பாகக் கைப்பேசியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னங்கள் நடத்தினாள்.

மாலையில் கணவரோடு துணி மடித்தபடியே அதைக் கேட்டாள். "புரிஞ்சுதா? ம், புரிஞ்சுது. அடுத்தது..." என்று ஒரு குரல் மூச்சுவிடாமல் ஓடியது. நாற்பது நிமிடத்தில் முப்பத்தாறு தடவை கேட்டு, முப்பத்தாறுக்கும் அவளே பதில் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் தரப்பில் ஒரே ஒரு தும்மல்தான் இருந்தது.

"நான் இப்படியாங்க பேசுறேன்?" என்று கணவரைக் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "சேச்சே, இருக்காது" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அவர் அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள், "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க சொல்லட்டும்னு நிக்கிறேன்."

வெகுநேரம் கழித்து, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. "புரியல டீச்சர்."

"எதுலேருந்து புரியல?" என்றதுமே பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சாக்பீஸ் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வருஷம் நீங்க எங்க கிளாசுக்கு வந்ததுலேருந்து டீச்சர்."