உயரமான டீச்சர் தேவை

என் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். நாற்பது வயதுவரை அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இரண்டு வயதுக் குழந்தைகளோடு நாள் முழுக்கத் தரையில் புரளுகிற வேலை என்னுடையது. அதற்கு மேல் உயரம் எதற்கு? ஆனால் அந்தக் குழந்தைகளில் ஒருவனான இஹொன் ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து என் உயரம் ஊர் விவகாரமாகிவிட்டது.

நான் வேலை பார்த்த முயல்குட்டி காப்பகம் தென்கொரியாவின் சுவோன் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மூன்று அறை வீடு ஒன்றில் நடந்தது. நடத்தியவர் குக் யோங்நான். அவரை எல்லோரும் மேடம் என்போம். பள்ளிக்கூட நாட்களில் வாலிபால் ஆடியவர், அண்ணாந்து பார்த்தால்தான் முகம் தெரியும். என்னைத் தவிர, காலையில் மட்டும் வரும் டீச்சர் ஒருத்தியும், மதியச் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிடும் சமையல்கார அக்காவும் இருந்தார்கள். சாயங்காலமானால் மேடமும் வெளிவேலையாகப் போய்விடுவார்; நான்தான் ராணி, நான்தான் சேவகி.

வாசல் கதவில் எண் பூட்டு. வெளியிலிருந்து எண்களை அழுத்த வேண்டும், உள்ளிருந்து ஒரு பட்டன் போதும். திறக்கும்போது அது ஒரு சின்ன ராகம் பாடும். இஹொனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவனுக்கு வெளியே போகவேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை, ராகம் கேட்கத்தான் ஆசை. பட்டனை அழுத்தினான், ராகம் கேட்டது, கதவு திறந்தது. திறந்த கதவு வழியாகப் போகாமல் இருக்க அவன் என்ன முனிவரா? லிஃப்ட் முன்னால் நின்று, பார்சல் கொண்டுவந்த ஆளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். நான் ஒரு டயப்பரை மாற்றி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

மறைக்கத் தெரியாமல் சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலைக்குள் அம்மாக்களின் கைபேசிக் குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

"பட்டன் கொழந்தைக்கு எட்டுது மேடம். எட்டாத எடத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. எங்க வீட்லயும் அதத்தான் போட்டிருக்கோம்" என்றார் இஹொன் அம்மா.

தாழ்ப்பாள் போட வந்தவர் எவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். மேடம் கையைத் தூக்கி, "இங்க" என்றார். அந்தக் கை என் தலைக்கு மேல் எங்கேயோ போய் நின்றது.

"எனக்கு எட்டாது மேடம்."

"ஸ்டூல் போட்டுக்கோங்க டீச்சர். ஒரு ஸ்டூலுக்கா பஞ்சம்?"

ஸ்டூல் வந்தது. ஒரே வாரத்தில் இன்னொரு பையனான யுலின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தால் குழந்தை ஏறாதா, ஏறினால் விழாதா? கேள்வி நியாயமானது. இந்தக் கதையில் எல்லோருடைய கேள்வியும் நியாயமானது, அதுதான் கஷ்டம். ஸ்டூல் பால்கனிக்குப் போனது. பால்கனிக்குக் குழந்தை போய்விட்டால்? கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு போட்டார்கள். சாவி குழந்தை கையில் கிடைத்தால்? அது குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு மேல் ஏறியது. அந்தத் தலையும் எனக்கு எட்டாது. ஸ்டூலை எடுக்க எனக்கு இன்னொரு ஸ்டூல் வேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சாயங்காலங்களில், ஷூவுக்குள் காலை நுழைக்க வைத்திருக்கும் நீளமான இரும்புக் கரண்டியால் தட்டித் தட்டித்தான் தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் வந்தேன்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி சிரிக்கவில்லை. "இத எடுத்துடுங்கம்மா. உள்ள இருக்கறவங்க ஒரே அழுத்துல வெளிய போகணும். இதெல்லாம் இருக்கவே கூடாது" என்றார். மேடம் இடுப்பு வளையக் குனிந்து, அவர் கண் முன்னாலேயே தாழ்ப்பாளைக் கழற்றினார். அவருடைய வண்டி திருப்பம் தாண்டியதும் அதே திருகாணிகளைப் போட்டு மறுபடி முடுக்கினார். அடுத்த மாதம் வட்டார அலுவலகத்தின் குழந்தை நலப் பெண்மணி வந்தார். தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்து, "நல்ல கவனமா இருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். இந்த இருவரும் ஒரே நாளில் வந்து தொலைக்கக் கூடாதே என்பதுதான் மேடத்தின் வேண்டுதல்.

மாதம் ஒருமுறை தீ ஒத்திகையும் உண்டு. ஒத்திகை என்றால் வெளியே ஓடவேண்டும். வெளியே ஓடவேண்டுமென்றால் எல்லோருக்கும் கோட்டு, தொப்பி, ஷூ மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் முதலில் மாட்டியவன் கழற்றிவிடுவான். ஆகவே மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். கைபேசியில் அபாய மணியை ஒலிக்கவிடுவார். குழந்தைகள் சுவரோரம் ஓடிப்போய் வரிசையாக நிற்பார்கள், கைக்குட்டையால் வாயைப் பொத்துவார்கள். ஒரு போட்டோ. ஒத்திகை முடிந்தது, ஆளுக்கு ஒரு தயிர் பானம். அலுவலகத்துக்குப் போட்டோ போய்விடும், அம்மாக்கள் குழுவுக்கும் போகும். எத்தனை அழகாக நிற்கிறார்கள் என்று இதயங்கள் குவியும்.

"தாழ்ப்பாள என் கை எட்டற அளவுக்காவது எறக்குங்க மேடம். சாயங்காலம் நான் தனியாத்தானே இருக்கேன்" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

"உங்களுக்கு எட்டினா யுலுக்கும் சீக்கிரம் எட்டிடும் டீச்சர்."

"யுலுக்கு ரெண்டு வயசு மேடம். நான் என்ன அவ்வளவு குள்ளமா?"

"கோச்சுக்காதீங்க. பெரியவங்க இல்லையா நீங்க."

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மேடம் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சிக்காக வட்டார அலுவலகத்துக்குப் போயிருந்தார். என்னிடம் மிச்சமிருந்தது மூன்று பேர்: இஹொன், யுல், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த நாரி. கூடத்தின் மூலையில், பால்கனிக் கதவை ஒட்டி, பொம்மைகளில் கிருமி கொல்லும் பெட்டி ஒன்று உண்டு. அம்மாக்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. அதற்குத் துணையாகக் காற்றுச் சுத்திகரிப்பான், ஈரப்பதக் கருவி, எல்லாம் ஆரோக்கியத்துக்காக, எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அந்தப் பாக்ஸ் அன்றைக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டது. முதலில் ரப்பர் கருகும் வாடை, பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து கறுப்பாகப் புகை, பிறகு சுவரொட்டித் தாளில் ஏறும் தீ.

கூரையிலிருந்த புகை மணி அலறியது. நான் நாரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாங்க, வாசலுக்கு வாங்க" என்று கத்தினேன். இஹொனும் யுலும் ஓடினார்கள். நேராகப் போட்டோ சுவருக்கு. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்று, என்னையே பார்த்தார்கள்.

"டீச்சர், போட்டோ" என்றான் இஹொன்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? சொன்னபடி அப்பழுக்கில்லாமல் செய்கிற குழந்தைகளிடமா? இருவரையும் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தேன். பட்டனை அழுத்தினேன். பூட்டு தன் ராகத்தைப் பாடித் திறந்துகொண்டது. பூட்டின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மேலே தாழ்ப்பாள். புகையில் அந்த இரும்புக் கரண்டி கண்ணில் படவில்லை. எம்பினேன். விரல் நுனி பட்டது, அவ்வளவுதான். குழந்தைகளின் ஷூ அலமாரி மேல் ஒரு காலை வைத்தேன். பிளாஸ்டிக், நொறுங்கிப் போயிற்று.

அப்போது கதவு வெளியிலிருந்து ஆடியது. இஹொனை அழைத்துப்போக அவன் அம்மா வந்திருந்தார். புகை மணி கேட்டிருக்கிறது, கதவு அரை விரல் அகலம் திறந்து நிற்கிறது, இடுக்கில் புகை வருகிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார்.

"தொறங்க டீச்சர், தொறங்க. இஹொன் எங்க?"

"இங்கதான் இருக்கான். தாழ்ப்பாள் போட்டிருக்கு. இழுக்காதீங்க."

"தொறங்கன்னு சொல்றேன்ல."

தரையைத் துழாவியதில் அந்த நீளமான இரும்புக் கரண்டி கையில் அகப்பட்டது. அதை உயர்த்தித் தாழ்ப்பாளின் குமிழைத் தள்ளினேன். அசையவில்லை. அவர் இழுக்க இழுக்கத் தாழ்ப்பாள் சட்டத்தில் இறுகிக்கொண்டது.

"கதவ விடுங்க. நீங்க இழுத்தா தாழ்ப்பாள் நகராது."

"எம்புள்ள உள்ள இருக்கான். எப்படி விடுவேன்?"

"விட்டாத்தான் அவன் வெளிய வருவான். கை எடுங்க, தயவுசெஞ்சு கை எடுங்க."

நாரி என் தோளில் இருமிக்கொண்டிருந்தாள். யுல் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். வெளியே அந்த அம்மா என் பேச்சை நம்பலாமா வேண்டாமா என்று யோசித்த நேரம் எனக்கு ஒரு யுகம். இழுப்பு நின்றது. கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. காலுறையோடு மூன்று குழந்தைகளும் நானும் வெளியே வந்து விழுந்தோம்.

கட்டடக் காவலாளி தீயணைப்பானைக் கொண்டுவந்து அணைத்தார். ஒரு சுவரும் பொம்மைப் பெட்டியும்தான் போயின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இஹொன் அம்மா மகனை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாழ்ப்பாள நான் சும்மா விடமாட்டேன் டீச்சர்" என்றார்.

அதை நம்பி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

சனிக்கிழமை கூட்டம். அம்மாக்கள் எல்லோரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்பு அதிகாரி தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று மேடம் ஆரம்பித்தார்.

"தாழ்ப்பாள் மேல என்ன தப்பு? அது அதோட வேலையச் செஞ்சுது" என்றார் யுல் அம்மா. "அத எடுத்துட்டா நாளைக்கு ஒண்ணு ரோட்டுக்குப் போகும். அப்ப அந்த அதிகாரியா வருவாரு?"

நான் இஹொன் அம்மாவைப் பார்த்தேன். அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

"அன்னிக்கு மேடம் இருந்திருந்தா ஒரு நொடில தொறந்திருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னை என்றால், என் உச்சந்தலையை. பிறகு விஷயம் மளமளவென்று நடந்தது. டீச்சருக்கு நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டராவது வேண்டும் என்றார் ஒருவர். குதிகால் செருப்பு கணக்கில் வராது என்றார் இன்னொருவர்.

"புகைல யாரும் நிமிர்ந்து நிக்க முடியாது" என்றேன். "தவழ்ந்துதான் போகணும். தவழும்போது எந்த டீச்சரா இருந்தாலும் இஹொன் உயரம்தான்."

மேடம் தொண்டையைச் செருமி, "டீச்சர் சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தாழ்ப்பாள் அதே இடத்தில் இருந்தது, திங்கட்கிழமை விளம்பரம் வந்துவிட்டது. மாத முடிவில் ஒரு பெட்டி பேரிக்காயோடு என்னை வழியனுப்பினார்கள். பேரிக்காய் நல்ல இனிப்பு.

ஜனவரியில் இஹொன் அம்மா கூப்பிட்டார். காப்பகம் விட்டு வந்ததும் சாயங்காலம் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அவன் என்னைத்தான் கேட்கிறானாம். எனக்கும் வேலை இல்லை, அவனைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. போனேன்.

உள்ளே நுழைந்து ஷூவைக் கழற்றியபோது பழக்க தோஷத்தில் கதவின் உச்சியைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை. திருகாணி இருந்த நாலு ஓட்டைகளை வெள்ளை மாவால் அடைத்திருந்தார்கள்.

"எப்ப கழட்டினீங்க?"

"அன்னிக்கே. வீட்டுக்கு வந்த ஒடனே அவங்கப்பாவக் கழட்ட வெச்சேன். அது இருந்தா என்னால தூங்க முடியாது டீச்சர்."

"அப்ப காப்பகத்துல ஏன் வேணும்னீங்க?"

அவருக்கு என் கேள்வி உண்மையாகவே புரியவில்லை. பார்லித் தண்ணீரை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"அங்க ஏதாவது ஆச்சுன்னா ஏன்னு கேக்கறதுக்கு நீங்க இருந்தீங்க. இங்க நான் யாரக் கேப்பேன்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இஹொன் ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தான். முன்பைவிடக் கனத்திருந்தான்.

"நாளைக்குக் காலைல இவன் எங்க இருப்பான்?" என்று கேட்டேன்.

"முயல்குட்டிலதான். புது டீச்சரப் பாத்தீங்களா? நல்ல உயரம்" என்றார்.